சிஎன்சி மென்பொருளில் குறுக்குவிசைகள் சொன்னபடி கேட்காதபோது: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

கணினிக் கட்டளைப்படி பொருளை வெட்டிச் செதுக்கும் சிஎன்சி இயந்திரத்தை இயக்கும் கணினியில் ஒரு விசையை அழுத்தினால், அந்த அழுத்தம் அச்சை நகர்த்துவதற்கு முன் ஐந்து படிகளைக் கடந்தாக வேண்டும். முதற்படி விசைப்பலகை. இரண்டாவது, கணினியின் இயங்குதளம். மூன்றாவது, அந்த நொடியில் எந்தச் சாளரத்தின் எந்தப் பெட்டி தட்டச்சை வாங்கிக்கொண்டிருக்கிறது என்பது. நான்காவது, கட்டுப்பாட்டு மென்பொருளின் குறுக்குவிசைப் பட்டியல். ஐந்தாவது, இயந்திரம் அப்போது இருக்கும் நிலை. குறுக்குவிசை வேலை செய்யவில்லை என்றதும் பெரும்பாலோர் நேராக நான்காவது படிக்குப் போய்ப் பட்டியலை மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். பிழை வேறொரு படியில் இருந்தால், அதுவரை சரியாக இருந்த பட்டியலும் கெட்டுப்போய், ஒரு பிழை இரண்டாகிவிடும். கீழே உள்ள வழிமுறை கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து தொடங்கி, எந்தப் படியில் தடை இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க உதவும்.

சோதனையைத் தொடங்கும் முன்

வெட்டும் டூலைச் சுழற்றும் ஸ்பிண்டிலை நிறுத்தி, டூலைக் கழற்றிவிட்டு, இசட் அச்சை உயரத்தில் வைத்து, எக்ஸ், ஒய் அச்சுகளை அவற்றின் ஓட்டத்தின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்து, ஜாக் (விசையை அழுத்தி அச்சைக் கைமுறையாக நகர்த்துவது) வேகத்தை 10 சதவீதத்துக்குக் குறைத்த பிறகே விசைகளைச் சோதிக்க வேண்டும். ஒரு கை எமர்ஜென்சி ஸ்டாப் பொத்தானின் மேல் இருக்கட்டும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. விசைப்பலகையில் உள்ள எந்த விசையும் எமர்ஜென்சி ஸ்டாப் ஆகாது. இயந்திரங்களின் மின்சாதனப் பாதுகாப்புக்கான ஐஇசி 60204-1 தரநிலை நிறுத்தங்களை 0, 1, 2 என மூன்று வகைகளாகப் பிரிக்கிறது. வகை 0 உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும். வகை 1 கட்டுப்பாட்டோடு நிறுத்திவிட்டுப் பிறகு துண்டிக்கும். வகை 2 நிறுத்திய பிறகும் மின்சாரத்தை விட்டுவைக்கும். எமர்ஜென்சி ஸ்டாப்புக்கு முதல் இரண்டை மட்டுமே அந்தத் தரநிலை ஏற்கிறது. ஸ்பேஸ்பாரில் நாம் வைத்துக்கொள்ளும் ஃபீடு ஹோல்டு, அச்சுகளை மெல்ல நிறுத்துமே தவிர ஸ்பிண்டிலை நிறுத்தாது. கணினி உறைந்துபோனால் அதுவும் நடக்காது. ஆகவே, கம்பியால் நேரடியாக இணைத்த பொத்தான் இல்லாத இயந்திரத்தில் குறுக்குவிசைகளை மாற்றி அமைக்கும் வேலையில் இறங்கவே கூடாது.

அறிகுறி: எந்த விசைக்கும் அசைவே இல்லை

முதலில் ஒரு வெற்று உரைத்திருத்தியைத் திறந்து, வேலை செய்யாத விசையை அதில் அழுத்திப் பார்க்கவும். எழுத்து விழுந்தாலோ, அம்பு விசைக்குச் சுட்டி நகர்ந்தாலோ முதல் இரண்டு படிகளும் பெரும்பாலும் நன்றாக இருக்கின்றன என்று கொள்ளலாம். லினக்ஸில் எக்ஸ்இவி என்ற சிறு நிரல் ஒவ்வொரு அழுத்தத்தையும் விடுவிப்பையும் தனித்தனியாகக் காட்டும் என்பதால், இந்தச் சோதனைக்கு அதைவிடச் சிறந்த கருவி வேண்டியதில்லை.

அடுத்துப் பார்க்க வேண்டியது மூன்றாவது படி. நிரல் வரியை எழுதும் எம்டிஐ பெட்டியிலோ, அச்சின் நிலையைக் காட்டும் எண் பெட்டியிலோ சுட்டி மின்னிக்கொண்டிருந்தால், நீங்கள் அழுத்தும் விசைகள் எல்லாம் அந்தப் பெட்டிக்கே போய்ச் சேரும். மாக்3 என்ற கட்டுப்பாட்டு மென்பொருளைப் பயன்படுத்துவோர் அடிக்கடி சந்திக்கும் சிக்கல் இது: எம்டிஐ வரியில் கிளிக் செய்துவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள், எஸ்கேப் விசையை ஒருமுறை அழுத்தினால் அம்பு விசைகள் உயிர்பெறும். லினக்ஸ்சிஎன்சி என்ற இன்னொரு கட்டுப்பாட்டு மென்பொருளின் ஆக்சிஸ் முகப்பில் எஃப்5 எம்டிஐ பக்கத்தையும் எஃப்3 கைமுறை இயக்கப் பக்கத்தையும் திறக்கும் என்பதால், அங்கே எஃப்3 அழுத்திவிட்டு மறுபடி முயன்று பார்க்க வேண்டும்.

பிறகு, விசைப்பலகை வழியான ஜாக் என்ற வசதியே அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கவும். மாக்3-இல் டேப் விசையை அழுத்தினால் திரையின் பக்கவாட்டிலிருந்து ஜாக் பலகை ஒன்று வெளியே வரும். ஜாக் வேக விகிதம் அதில்தான் இருக்கிறது. அந்த விகிதம் யாராலோ சுழியத்துக்குப் போயிருந்தால், எல்லாம் சரியாக இருந்தும் எதுவும் நகராது. கேண்டில் மென்பொருளில் ஜாக் பகுதியில் விசைப்பலகைக் கட்டுப்பாட்டுக்கென்று ஒரு தேர்வுப்பெட்டி உண்டு. அதில் குறி இல்லாத வரை எந்த விசையும் இயந்திரத்தை அடையாது.

இவை அனைத்தும் சரி என்றால் தடை ஐந்தாவது படியில் இருக்கிறது. ஜிஆர்பிஎல் என்ற நிரல் ஓடும் கட்டுப்பாட்டுப் பலகை அலாரம் நிலையில் இருக்கும்போது ஜாக் கட்டளையை ஏற்காமல் பிழை எண் 8-ஐத் திருப்பி அனுப்பும். கேட்ட தூரம் இயந்திரத்தின் ஓட்டத்தைத் தாண்டினால் பிழை எண் 15 வரும். மென்பொருளின் தகவல் பகுதியில் இந்த எண்கள் தென்பட்டாலே, விசை சரியாக வேலை செய்து கட்டளையும் பலகை வரை போய்விட்டது என்று பொருள். அப்போது குறுக்குவிசைப் பட்டியலைத் தொடவே வேண்டாம். ஹோமிங் செய்து, அதாவது அச்சுகளை அவற்றின் தொடக்க இடத்துக்கு ஓட்டி, அலாரத்தை நீக்கினால் போதும். லினக்ஸ்சிஎன்சியில் எஃப்1 எமர்ஜென்சி நிலையையும் எஃப்2 இயந்திர மின்சாரத்தையும் மாற்றும். இரண்டும் சரியான நிலைக்கு வராத வரை அம்பு விசைகள் ஊமையாகவே இருக்கும்.

அறிகுறி: சில விசைகள் மட்டும் கேட்கவில்லை

எண் பலகையில் உள்ள அம்புகள் வேலை செய்யாமல் தனி அம்பு விசைகள் வேலை செய்தால், அல்லது நேர்மாறாக நடந்தால், நம்லாக் விளக்கைப் பார்க்கவும். விசைப்பலகை அனுப்புவது எழுத்தை அல்ல, விசை இருக்கும் இடத்தைக் குறிக்கும் ஸ்கேன் கோடு எனப்படும் எண்ணை. தனி மேல் அம்புக்கும் எண் பலகையின் 8-க்கும் அடிப்படை எண் ஒன்றேதான்; தனி அம்புக்கு முன்னால் கூடுதலாக ஒரு குறி வரும், அவ்வளவுதான் வேறுபாடு. அந்தக் குறியைச் சில மென்பொருள்கள் கவனிக்கும், சில கவனிக்காது. இன்னொரு நுணுக்கமும் உண்டு. விண்டோஸில் நம்லாக் எரிந்துகொண்டிருக்கும்போது ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு எண் பலகையின் அம்பை அழுத்தினால், இயங்குதளம் ஷிஃப்டை விட்டுவிட்டதாகவே மென்பொருளிடம் சொல்லும். ஷிஃப்டோடு சேர்த்து வேக ஜாக் வைத்திருப்போர், 'ஷிஃப்ட் பிடித்தும் வேகம் ஏறவில்லை' என்று சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். வேக ஜாக் வேண்டுமென்றால் தனி அம்பு விசைகளையே பயன்படுத்தவும்.

எழுத்து விசைகள் மட்டும் வேலை செய்யாதிருந்தால் உள்ளீட்டு மொழியைப் பாருங்கள். தமிழில் தட்டச்சு செய்துவிட்டு அதே தளக்கோலத்தில் கட்டுப்பாட்டு மென்பொருளுக்குத் திரும்பினால், ஆங்கில எழுத்தைத் தேடும் குறுக்குவிசைக்குத் தமிழ் எழுத்து போய்ச் சேரும். அது மௌனமாக ஒதுக்கப்படும். விண்டோஸில் ஆல்டும் ஷிஃப்டும் சேர்ந்தால் மொழி மாறும் அமைப்பு வழக்கத்தில் இருப்பதால், அந்த இரண்டையும் கொண்ட குறுக்குவிசை ஒன்றை நீங்களே வைத்திருந்தால், அதை அழுத்தும் ஒவ்வொரு முறையும் மொழி மாறி மற்ற விசைகள் செயலிழக்கலாம். இயந்திரத்துக்கென்றே வைத்திருக்கும் கணினியில் ஒரே உள்ளீட்டு மொழியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை நீக்கிவிடுவதே நல்லது.

மடிக்கணினியில் எஃப்1 முதல் எஃப்12 வரையிலான விசைகள் திரை வெளிச்சத்தையும் ஒலியையும் மாற்றினால், பயாஸ் அமைப்பில் அந்த விசைகளின் முதன்மைச் செயலை மாற்ற வேண்டும். உலாவியில் இயங்கும் சிஎன்சிஜேஎஸ் போன்றவற்றில் எஃப்5 பக்கத்தை மறுபடி ஏற்றும், கண்ட்ரோலும் டபிள்யூவும் சேர்ந்தால் பக்கமே மூடிவிடும். இவற்றை உலாவி எளிதில் விட்டுக்கொடுக்காது என்பதால் வேறு விசைகளைத் தேர்ந்தெடுக்கவும்.

இரண்டு விசைகள் சேர்ந்து வேலை செய்து, மூன்றாவதைச் சேர்த்ததும் எதுவும் நடக்கவில்லை என்றால் குற்றம் மென்பொருளில் இல்லை. விலை குறைந்த விசைப்பலகைகளில் விசைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னப்பட்ட கம்பிகளில் அமர்ந்திருப்பதால், சில மூன்று விசைக் கூட்டுகளை அவற்றால் பிரித்தறிய முடியாது. அதே மூன்றையும் எக்ஸ்இவியில் அழுத்தி, மூன்றாவதன் வரி வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஷிஃப்டை அடிக்கடி பயன்படுத்துவோர் விண்டோஸின் அணுகல் வசதிகளை அணைத்துவிட வேண்டும். ஷிஃப்டைத் தொடர்ந்து 5 முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் என்ற வசதி எழுந்து வரும். வலப்பக்க ஷிஃப்டை 8 நொடி பிடித்தால் ஃபில்டர் கீஸ் எழும். இரண்டாவது தொல்லை பெரிது: அது இயங்கத் தொடங்கினால் குறுகிய தட்டல்கள் எல்லாம் ஒதுக்கப்பட்டு, ஒரு தட்டலுக்குச் சிறு தூரம் மட்டும் நகர்த்தும் ஸ்டெப் ஜாக் இருந்தாற்போல் செத்துப்போகும்.

அறிகுறி: விசையை விட்ட பிறகும் அச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது

இந்தக் கட்டுரையில் நான் மிகவும் கவலையோடு எழுதும் பகுதி இது. மற்ற பிழைகள் நேரத்தைத்தான் தின்னும். இது டூலையும் வைஸையும் சில வேளை விரலையும் தின்றுவிடும்.

தொடர் ஜாக் என்பது இரண்டு செய்திகளால் ஆனது: விசை அழுந்தியது, விசை விடுபட்டது. முதல் செய்தி வந்து இரண்டாவது வராவிட்டால் அச்சு நிற்கக் காரணமில்லை. ஆகவே தேட வேண்டியது, அந்த இரண்டாவது செய்தி எங்கே தொலைந்தது என்பதை.

தொலையக்கூடிய முதல் இடம் விசைப்பலகையே. ஒருமுறை, அலுமினியப் பலகை ஒன்றைக் குடைந்துகொண்டிருந்த ரூட்டரில் இசட் அச்சைச் சிறிது இறக்கப் பேஜ் டவுன் விசையை அழுத்தினேன். விரலை எடுத்தேன், அச்சு இறங்கிக்கொண்டே இருந்தது. எமர்ஜென்சி ஸ்டாப்பை அடிப்பதற்குள் 6 மில்லிமீட்டர் எண்ட்மில் கிளாம்பின் மேல் அமர்ந்து ஒடிந்தது. மென்பொருளின் அமைப்புகளை அரை நாள் புரட்டிய பிறகுதான், விசையின் மூடியைக் கழற்றிப் பார்க்கத் தோன்றியது. நகக்கண் அளவு அலுமினியச் சுருள் ஒன்று கூலண்டில் ஒட்டிக்கொண்டு, விசை மேலே வர விடாமல் அடியில் கிடந்தது. அன்றிலிருந்து, இந்த அறிகுறிக்கு முதலில் மூடிகளைக் கழற்றிப் பார்ப்பதும், இயந்திரத்தின் அருகே வைக்கும் விசைப்பலகைக்குச் சிலிக்கான் உறை போடுவதும் என் வழக்கமாகிவிட்டன. சோதிக்க எளிய வழி, உரைத்திருத்தியில் ஒவ்வொரு ஜாக் விசையையும் மெதுவாக அழுத்தி மெதுவாக விட்டு, எதுவும் தானாகத் தொடர்கிறதா என்று பார்ப்பது.

இரண்டாவது இடம் கேபிள். ஸ்பிண்டிலை ஓட்டும் விஎஃப்டி, மின்காந்த இரைச்சலை அள்ளி வீசும் சாதனம். யூஎஸ்பி கேபிள் அதன் மோட்டார் கேபிளோடு ஒரே குழாயில் போனால், விசைப்பலகை ஒரு கணம் அறுந்து மறுபடி இணையும். அந்தக் கணத்தில் நீங்கள் விசையை விட்டிருந்தால் விடுவிப்புச் செய்தி மென்பொருளை எட்டாமல் போகலாம். விண்டோஸில் சாதனம் அறுந்து இணையும்போது வரும் இரட்டை ஒலி, லினக்ஸில் கெர்னல் பதிவில் அதே நேரத்தில் விழும் யூஎஸ்பி வரிகள் ஆகியவை இதற்கான சாட்சி. ஸ்பிண்டில் ஓடும்போது மட்டும் இந்தப் பிழை வருகிறது என்றால் வேறு சாட்சி தேவையில்லை. கேபிளைக் குட்டையாக்கி, இரைச்சல் தடுப்பு உறையுள்ள கேபிளுக்கு மாறி, இரு முனைகளிலும் ஃபெரைட் வளையம் போட்டு, மோட்டார் கேபிளிலிருந்து தள்ளி வேறு வழியில் கொண்டுபோகவும். அதுவும் போதாதபோது யூஎஸ்பி ஐசொலேட்டர் ஒன்றை இடையில் சேர்க்கலாம். கம்பியில்லா விசைப்பலகையை ஜாக் செய்யப் பயன்படுத்துவதை நான் எந்தச் சூழலிலும் பரிந்துரைக்க மாட்டேன். மின்கலம் இறங்கும் நேரத்தை அது முன்கூட்டிச் சொல்லாது.

மூன்றாவது இடம் சாளரம். விசையைப் பிடித்திருக்கும்போது வேறொரு சாளரம் முன்னால் வந்து விழுந்தால், விடுவிப்புச் செய்தி அந்தப் புதிய சாளரத்துக்குப் போய்விடும். புதுப்பிப்பு அறிவிப்பு, வைரஸ் தடுப்பியின் எச்சரிக்கை, ஸ்டிக்கி கீஸ் கேட்கும் கேள்வி எல்லாம் இப்படிச் செய்யக்கூடியவை. இயந்திரக் கணினியில் அறிவிப்புகள் அனைத்தையும் அணைத்து வைக்க வேண்டும். தொலைவிலிருந்து இன்னொரு கணினி வழியாக இணைந்து தொடர் ஜாக் செய்வது இதே காரணத்தால் ஆபத்தானது.

நான்காவது, மென்பொருள் ஜாக் கட்டளையை எப்படி அனுப்புகிறது என்பது. ஜிஆர்பிஎல் 1.1-இல், நிறுத்தச் சொல்வதற்கென்று ஒற்றை பைட் கட்டளை ஒன்று உண்டு. பதினாறடிமான எண்ணில் அது 85. சில மென்பொருள்கள் விசை அழுந்தியதும் நீண்ட தூரத்துக்கான ஒரே கட்டளையை அனுப்பிவிட்டு, விசை விடுபட்டதும் இந்த 85-ஐ அனுப்பும். சில, சிறுசிறு தூரங்களாகத் தொடர்ந்து அனுப்பும். விடுவிப்புச் செய்தி தொலைந்தால் முதல் முறையில் அச்சு முழுத் தூரமும் ஓடும். இரண்டாவது முறையில், விடுவிப்பு வந்தும் 85 அனுப்பப்படாவிட்டால், பலகையின் நினைவில் ஏற்கெனவே வரிசையில் நிற்கும் அசைவுகள் முடிந்த பிறகே நிற்கும். ஜிஆர்பிஎல் சுமார் 15 அசைவுகளை வரிசையில் வைத்திருக்கும் என்பதால், ஒவ்வொன்றும் 1 மில்லிமீட்டர் என்றாலும் 15 மில்லிமீட்டர் கடந்துவிடும்.

குறுக்குவிசைக்கு நாமே மேக்ரோ எழுதி இந்த 85-ஐ அனுப்ப முயலும்போது ஒரு பொறி காத்திருக்கிறது. அது சாதாரண ஆஸ்கி எழுத்துகளின் எல்லைக்கு வெளியே இருப்பதால், உரையாக அனுப்பினால் யுடிஎஃப்-8 குறியாக்கம் அதை இரண்டு பைட்டுகளாக மாற்றிவிடலாம். மேக்ரோவில் அதை உரையாக எழுதாமல், மென்பொருள் தரும் ஜாக் நிறுத்தச் செயலையே விசைக்கு ஒதுக்கவும். அப்படி ஒரு செயல் பட்டியலில் இல்லையென்றால் ஆச்சரியக்குறியைப் பயன்படுத்தலாம்: ஜாக் நடக்கும்போது ஃபீடு ஹோல்டைப் பெற்ற ஜிஆர்பிஎல், அச்சை நிறுத்தி, மீதமுள்ள ஜாக் அசைவுகளையும் அழித்துவிட்டு ஓய்வு நிலைக்குத் திரும்பிவிடும்.

காரணம் பிடிபடும் வரை தொடர் ஜாக்கை அணைத்துவிட்டு ஸ்டெப் ஜாக்கில் மட்டும் வேலை செய்யவும். ஒரு தட்டலுக்கு 0.1 மில்லிமீட்டர் என்று வைத்தால், விடுவிப்புச் செய்தி தொலைந்தாலும் இழப்பு 0.1 மில்லிமீட்டர்தான். ஆனால் விசையே சிக்கிக்கொண்டால் சில மென்பொருள்கள் மறுதட்டலை எல்லாம் புதிய தட்டலாக எண்ணும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

அறிகுறி: பிடித்துக்கொண்டிருந்தால் அச்சு விட்டுவிட்டு நகர்கிறது

ஒரு விசையைப் பிடித்திருந்தால் இயங்குதளம் அதைத் திரும்பத் திரும்ப அழுத்தியதாகக் காட்டும். விண்டோஸில் இந்த மறுதட்டல் தொடங்கக் கால் நொடி முதல் ஒரு நொடி வரை ஆகும். பிறகு நொடிக்குச் சுமார் 2.5 முதல் 30 முறை வரை வரும். விண்டோஸ் இடையில் விடுவிப்புச் செய்தியை அனுப்புவதில்லை. லினக்ஸின் எக்ஸ் சாளர முறையோ, இயல்பில் ஒவ்வொரு மறுதட்டலுக்கும் ஒரு விடுவிப்பையும் ஓர் அழுத்தத்தையும் மாற்றி மாற்றி அனுப்பும். ஆக்சிஸ் முகப்பு, விடுவிப்பு வந்த கையோடு அச்சை நிறுத்தாமல் ஒரு கணம் காத்திருந்து இதைச் சமாளிக்கிறது. அதன் பைத்தான் அமைப்புக் கோப்பில் நாமே ஒரு விசைக்கு நேரடியாக அழுத்தத்தையும் விடுவிப்பையும் கட்டி எழுதினால் அந்தச் சமாளிப்பு நமக்குக் கிடைக்காது. அச்சு ஒரு நொடியில் பல முறை நின்று நின்று ஓடும். தீர்வு, இயங்குதளத்தின் விசை அமைப்பில் மறுதட்டலை அணைப்பது, அல்லது நாமும் சில பத்து மில்லி நொடிகள் காத்திருந்து, அதற்குள் புதிய அழுத்தம் வராவிட்டால் மட்டும் நிறுத்துமாறு எழுதுவது.

ஸ்டெப் ஜாக் தேர்வாகியிருக்கும்போது பிடித்துப் பார்த்துவிட்டு 'விட்டுவிட்டு நகர்கிறது' என்று சொல்வோரும் உண்டு. ஆக்சிஸில் ஐ விசை ஸ்டெப் அளவுகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றும், சி விசை தொடர் ஜாக்குக்குத் திருப்பும். தெரியாமல் ஐ விசை பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளலாம்.

அறிகுறி: எதிர்த்திசையில் நகர்கிறது

இங்கே குறுக்குவிசையை மாற்றுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பெரிய தவறு. இடது அம்பை வலதுக்கும் வலது அம்பை இடதுக்கும் மாற்றிவிட்டால் ஜாக் சரியாகிவிட்டது போலத் தோன்றும். ஆனால் நிரலை ஓட்டும்போது பலகையில் செதுக்கிய எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி வரும், ஏனென்றால் நிரல் விசைப்பலகையைக் கேட்டு ஓடுவதில்லை.

முதலில் எது சரியான திசை என்பதை உறுதிசெய்ய வேண்டும். அச்சின் திசை எப்போதும் வேலைப்பொருளைப் பொறுத்து டூல் எந்தப் பக்கம் போகிறது என்பதைக் குறிக்கும். மேசை நகரும் மில்லிங் இயந்திரத்தில் டூல் வலப்பக்கம் போக வேண்டுமென்றால் மேசை இடப்பக்கம் நகரும். அது பிழையில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். எம்டிஐ பெட்டியில் எக்ஸ் அச்சை 10 மில்லிமீட்டர் கூட்டல் திசையில் நகர்த்தும் கட்டளையை எழுதி ஓட்டிப் பார்க்கவும். டூல் வேலைப்பொருளின் மேல் வலப்பக்கம் போனால் அச்சு சரி. அதன் பிறகும் வலது அம்பு எதிர்த்திசையில் ஓட்டினால் மட்டுமே விசையை மாற்றலாம்.

எம்டிஐ கட்டளையும் எதிர்த்திசையில் ஓடினால் மோட்டாரின் திசையை மாற்ற வேண்டும்: ஜிஆர்பிஎல்-இல் $3 என்ற அமைப்பு, லினக்ஸ்சிஎன்சியில் அந்த அச்சுக்கான ஜாயிண்டின் ஸ்கேல் மதிப்பின் குறி (கூட்டல் அல்லது கழித்தல்), மாக்3-இல் போர்ட்ஸ் அண்ட் பின்ஸ் பகுதியில் மோட்டார் வெளியீடுகளின் திசைக் குறி. மாற்றிய பிறகு ஹோமிங் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை மெதுவான வேகத்தில் பார்த்தே ஆக வேண்டும். அச்சின் ஓட்டம் முடியும் இடத்தை உணரும் லிமிட் சுவிட்ச் இல்லாத பக்கம் ஓடத் தொடங்கலாம்.

லேத்தில் டூலைத் தாங்கும் டூல் போஸ்ட் முன்பக்கமா பின்பக்கமா என்பதைப் பொறுத்து எக்ஸ் திசை தலைகீழாகத் தெரியும். லினக்ஸ்சிஎன்சியில் பின்பக்க டூல் போஸ்டுக்கென்று தனி அமைப்பு வரி இருக்கிறது. விசைகளைத் தொடும் முன் அதைப் பார்க்கவும்.

அறிகுறி: தொடக்கவிசையை அழுத்தினால் நிரல் ஓடுவதாகக் காட்டுகிறது, எதுவும் நகரவில்லை

ஆக்சிஸ் முகப்பில் எண் விசைகள் ஃபீடு ஓவர்ரைடை, அதாவது நிரல் ஓடும் வேகத்தின் விகிதத்தை, மாற்றுபவை. 1 முதல் 9 வரை 10 முதல் 90 சதவீதம், 0 என்றால் 100 சதவீதம், 1-க்கு இடப்பக்கத்தில் இருக்கும் சாய்ந்த மேற்கோள் விசை என்றால் சுழியம். எம்டிஐ பெட்டியில் எழுதுவதாக நினைத்துக்கொண்டு கைமுறைப் பக்கத்தில் எண்களைத் தட்டியவரும், டேபிளைத் துடைக்கும்போது துணி விசைப்பலகையின் மூலையில் பட்டவரும் இந்த நிலைக்கு வருவார்கள். எம்டிஐ பக்கத்துக்கு வெளியே இருந்து 0-ஐ ஒருமுறை அழுத்தினால் ஓட்டம் திரும்பும். அழுத்தியதும் இயந்திரம் முழு வேகத்தில் கிளம்பும் என்பதால் முன்னதாக நிரலை நிறுத்திவிடவும்.

இதற்கு எதிரான அறிகுறியும் உண்டு: யாரும் சொல்லாமலே நிரல் ஓடத் தொடங்குகிறது. ஆக்சிஸில் ஆர் என்ற ஒற்றை எழுத்தே நிரலைத் தொடங்கிவிடும். மாக்3-இன் வழக்கமான திரையில் ஆல்டும் ஆரும் சேர வேண்டும். விரல் தவறிப் பட்டாலே ஓடும் ஒற்றை விசைத் தொடக்கத்தை நான் எந்த இயந்திரத்திலும் விட்டுவைப்பதில்லை. தொடக்கத்துக்கு இரண்டு கைகள் தேவைப்படும் அளவுக்குத் தள்ளியிருக்கும் இரண்டு விசைகளையும், ஃபீடு ஹோல்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் விழும் ஒரே பெரிய விசையையும் ஒதுக்க வேண்டும். ஸ்பேஸ்பார் அதற்குப் பொருத்தமானது. மாக்3 அதை அப்படியேதான் வைத்திருக்கிறது.

அறிகுறி: மாற்றி அமைத்தது மறுநாள் காணாமல் போகிறது

மாக்3 தன் அமைப்புகளை எக்ஸ்எம்எல் கோப்பாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு புரொஃபைலுக்கும் (அமைப்புத் தொகுப்புக்கும்) தனிக் கோப்பு. ஒரு புரொஃபைலில் விசைகளை மாற்றிவிட்டு மேசைத்திரையிலுள்ள வேறு குறுக்குவழியால் மென்பொருளைத் திறந்தால் பழைய விசைகளே இருக்கும். மென்பொருளை மூடும்போதுதான் கோப்பு எழுதப்படுகிறது என்பதால், மூடாமல் மின்சாரத்தை அணைப்பவர்களுக்கும் மாற்றம் தங்காது. மாக்3-இன் சிஸ்டம் ஹாட்கீஸ் பகுதியில் ஒரு செயலுக்கு நேரே 999 என்று தெரிந்தால் அந்தச் செயலுக்கு விசை எதுவும் ஒதுக்கப்படவில்லை என்று பொருள்.

லினக்ஸ்சிஎன்சியில் ஆக்சிஸின் மாற்றங்களை இரண்டு இடங்களில் எழுதலாம்: பயனரின் வீட்டுக் கோப்புறையிலுள்ள மறைந்த ஆக்சிஸ் அமைப்புக் கோப்பு, அல்லது ஐஎன்ஐ கோப்பின் திரைப் பிரிவு சுட்டும் பயனர் கட்டளைக் கோப்பு. இரண்டாவதைக் குறிப்பிட்டால் முதலாவது படிக்கப்படவே மாட்டாது. வீட்டுக் கோப்புறையில் எழுதியது மணிக்கணக்காகப் பலிக்காததற்குக் காரணம், யாரோ முன்பே ஐஎன்ஐ கோப்பில் சேர்த்து வைத்த ஒரு வரியாக இருக்கும். 2.9 பதிப்பிலிருந்து லினக்ஸ்சிஎன்சி பைத்தான் 3-க்கு மாறிவிட்டதால், அடைப்புக்குறி இல்லாத பிரிண்ட் கட்டளை உள்ள பழைய கோப்பு பிழையோடு நின்றுவிடும். முகப்பைக் கட்டளை முனையத்திலிருந்து திறந்தால் எந்த வரியில் நின்றது என்பது அங்கே எழுதப்பட்டிருக்கும்.

அறிகுறி: தனியாகச் சேர்த்த பொத்தான் பலகை மட்டும் சரியாக வேலை செய்யவில்லை

யூஎஸ்பி வழியாக இணையும் சிறு மேக்ரோ பலகைகள் கணினிக்கு இன்னொரு விசைப்பலகையாகவே தெரியும். அவற்றை ஆர், எஃப்5 போன்ற வழக்கமான விசைகளுக்கு அமைத்தால், வேறு நிரல் திறந்திருக்கும்போது அதிலும் அவை விழும். அதற்கு நல்ல மாற்று, எஃப்13 முதல் எஃப்24 வரையிலான விசைகள். சாதாரண விசைப்பலகைகளில் இவை இல்லாததால் கைதவறி அழுந்தும் வாய்ப்பும் இல்லை, மற்ற நிரல்களோடு மோதலும் அரிது. லினக்ஸில் இவற்றில் சில வேறு பெயரோடு வந்து சேரும் என்பதால், எக்ஸ்இவி காட்டும் பெயரையே அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும்.

ஆட்டோஹாட்கீ போன்ற நிரலை இடையில் வைத்து விசைகளை மாற்றுவோருக்கு ஒரு தனிச் சிக்கல்: கட்டுப்பாட்டு மென்பொருள் நிர்வாகி உரிமையோடு ஓடி, இடைநிரல் சாதாரண உரிமையோடு ஓடினால், பின்னது அனுப்பும் விசைகளை விண்டோஸ் முன்னதிடம் சேர்க்காது. இரண்டையும் ஒரே உரிமையில் ஓட்டவும்.

தொடக்கம், நிறுத்தம் ஆகியவற்றுக்கான பொத்தான்களை லினக்ஸ்சிஎன்சி இயந்திரத்தில் விசைப்பலகை வழியாக அனுப்பாமல், ஹால் எனப்படும் (மென்பொருளையும் மின் உள்ளீடுகளையும் இணைக்கும்) அடுக்கில் ஹால்யூஐ என்ற பகுதியின் பின்களோடு நேரடியாக இணைத்துவிடலாம். அப்போது எந்தச் சாளரம் முன்னால் இருக்கிறது, எந்த மொழி தேர்வாகியிருக்கிறது, மறுதட்டல் என்ன ஆகிறது என்ற கேள்விகள் எழவே மாட்டா. ஜாக்குக்கும் ஹால்யூஐ பின்கள் உண்டு. மற்ற மென்பொருள்களில், பலகையின் ஒவ்வொரு பொத்தானையும் மூன்று முறை சோதிக்கவும்: ஒருமுறை ஸ்பிண்டில் நின்றிருக்கும்போது, ஒருமுறை டூல் இல்லாமல் ஸ்பிண்டில் முழு வேகத்தில் ஓடும்போது, ஒருமுறை பொத்தானைப் பிடித்திருக்கும்போதே வேறொரு சாளரத்தை முன்னால் கொண்டுவந்துவிட்டு விரலை எடுத்து. மூன்றாவது சோதனையில் அச்சு நிற்காவிட்டால் அந்தப் பொத்தானுக்குத் தொடர் ஜாக்கை ஒதுக்கக் கூடாது.